ஹம்பிக்கு இரண்டு நாளா, மூன்று நாளா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: வெள்ளி இரவு பெங்களூரில் ரயில் ஏறி சனிக்கிழமை காலை ஹொசபேட்டையில் இறங்குகிறீர்கள், ஞாயிறு இரவு ரயிலில் திரும்பல், கூட அறுபதைத் தாண்டிய அம்மா அப்பாவும் ஏழாம் வகுப்புப் பையனும், மாதம் டிசம்பர். ஹம்பியை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார் நண்பர், ஐந்து நாள் இல்லாமல் அந்தப் பக்கமே போகாதே என்கிறார் ஆபீஸில் இன்னொருவர். திங்கட்கிழமை லீவு போடலாமா, வேண்டாமா? கேள்வி நாள் கணக்காக இருந்தாலும், அந்த ஒரு நாள் கூடினால் என்ன கிடைக்கும், கூடாவிட்டால் எது போகும் என்று தெரிந்தால்தான் உங்களால் முடிவெடுக்க முடியும். அதைத்தான் சொல்லப் பார்க்கிறேன்.

நான் தொல்லியல் படித்தவன். 14 வருடமாக மாணவர்களையும் சிறு குழுக்களையும் ஹம்பிக்கு அழைத்துப்போய் வருகிறேன். முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன்: லீவு போடுங்கள். உங்கள் குடும்பத்துக்கு அங்கே இரண்டு இரவு வேண்டும். ஒரு இரவு மட்டும்தான் முடியும் என்றாலும் போங்கள், வீண் இல்லை, ஆனால் அப்போது பட்டியலில் பாதியை இங்கேயே அடித்துவிட்டுப் புறப்பட வேண்டும்.

உங்கள் நண்பர் சொல்வதும் பொய் இல்லை, ஆபீஸ்காரர் சொல்வதும் பொய் இல்லை. ஹம்பி என்று நாம் சொல்வது ஒரு கோயிலோ கோட்டையோ இல்லை, விஜயநகரம் என்ற தலைநகரம் முழுவதுமே. யுனெஸ்கோ 1986இல் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பகுதி மட்டும் 41 சதுர கிலோமீட்டருக்கு மேல், அதற்குள் எஞ்சியிருக்கும் கட்டுமானங்கள் 1,600க்கும் அதிகம். 1520 வாக்கில் வந்த போர்த்துகீசியர் தொமிங்கோ பயஸ் இந்த ஊரை ரோமாபுரி அளவுக்குப் பெரியது என்று எழுதிவைத்தார். இதில் எட்டுப் பத்து இடங்களை ஆட்டோவில் சுற்றிப் படம் எடுத்தவருக்கு ஒரு நாள் போதும், ஒவ்வொன்றாக நின்று பார்க்க நினைப்பவருக்கு ஐந்து நாளும் பற்றாது. அதனால் எத்தனை இடம் இருக்கிறது என்பதை வைத்து நாளைக் கணக்கிட்டால் எந்தப் பழைய நகரத்திலும் முடிவுக்கு வர முடியாது.

நான் எண்ணுவது காலைகளையும் மாலைகளையும். ஹம்பியில் ஒரு நாள் என்பது பார்ப்பதற்கு ஏற்ற நேரமாகப் பார்த்தால் காலை ஆறரையிலிருந்து பத்தரை வரை, அப்புறம் மூன்றரையிலிருந்து இருட்டும் வரை, அவ்வளவுதான். நடுவில் இருக்கும் ஐந்து மணி நேரத்தைக் கடிகாரம் கணக்கில் சேர்க்கும், உடம்பு சேர்க்காது. சுற்றிலும் கருங்கல் பாறை, மரம் குறைவு, வெறுங்காலோடு நடக்க வேண்டிய கோயில் பிராகாரம் வேறு. டிசம்பரில் உச்சிவெயில் மார்ச், ஏப்ரல் போல வாட்டாது, ஆனாலும் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு பன்னிரண்டு மணிக்குக் கல்தரையில் நடக்க வேண்டாம். இன்னொரு காரணம் வெளிச்சம். சுவரில் செதுக்கிய புடைப்புச் சிற்பம் சாய்ந்த வெயிலில்தான் எழுந்து நிற்கும். ஹஜார ராமர் கோயில் சுவரில் இருக்கும் ராமாயணக் காட்சிகளைக் காலை எட்டு மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் பார்த்தவர்களுக்குத் தெரியும், மதியத்தில் எல்லா உருவங்களும் கல்லோடு கல்லாகத் தட்டையாகிவிடும்.

இந்தக் கணக்கு ஹம்பிக்கு மட்டுமல்ல. தஞ்சாவூரில் நடை சாத்தியிருக்கும் மதிய நேரத்தைக் கழித்துப் பாருங்கள், பெரிய கோயிலை விமானத்தின் மேல் காலை வெயில் விழும்போது ஒருமுறை, மாலையில் ஒருமுறை பார்க்க நினைத்தால் அங்கே ஒரு இரவு தங்கியே ஆக வேண்டும். எத்தனை இரவு தங்குகிறீர்களோ அத்தனை முழுக் காலை கிடைக்கும். பகல் பயணமாகப் போய்த் திரும்புகிறவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது மதியம்தான்.

இப்போது உங்கள் ரயிலை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை காலை ஹொசபேட்டையில் இறங்கி, அங்கிருந்து 13 கிலோமீட்டர் வந்து, அறையில் பையை வைத்து, குளித்து, சாப்பிட்டு வெளியே வரும்போது பத்து மணி ஆகிவிடும். முதல் காலை போய்விட்டது. மிச்சம் சனி மாலை, ஞாயிறு காலை, ஞாயிறு மாலை. உங்களுடைய 'இரண்டு நாள்' என்பது மூன்று வேளை. திங்கள் லீவு போட்டு அன்றிரவு ரயில் ஏறினால் அது ஐந்து வேளை ஆகிவிடும். ஒரு நாள் லீவுக்கு இவ்வளவு கிடைப்பது பெரிய விஷயம்.

ஆரம்ப காலத்தில் எனக்கு இது தெரியாது. முதன்முதலாகக் கல்லூரி மாணவர்கள் முப்பது பேரைக் கூட்டிப்போனபோது ஒரே நாளுக்குப் பதினேழு இடம் என்று பட்டியல் போட்டிருந்தேன், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்றுகூட எழுதிவைத்திருந்தேன். மதியம் இரண்டு மணிக்கு யானை லாயத்துக்கு வந்தபோது பாதிப் பேர் பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை. இறங்கியவர்களும் நிழல் தேடி உட்கார்ந்துவிட்டார்கள். காலையில் விட்டலர் கோயிலில் தூண் தூணாகப் போய்க் கேள்வி கேட்ட பெண், அங்கே எதிரே நிற்கும் பதினொரு யானைக் கூடங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லவே முடியாது. மூன்றாவது மண்டபத்துக்குப் பிறகு கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது, எனக்கும் அப்படித்தான். அதற்குப் பிறகு ஒரு வேளைக்கு ஒரு பெரிய இடம், ஒரு சின்ன இடம் என்று வைத்துக்கொண்டேன், இன்றுவரை அதை மாற்றவில்லை.

அந்த அளவில் உங்கள் ஐந்து வேளையை இப்படிப் பிரிப்பேன். சனி மாலை விருபாட்சர் கோயிலும் ஹேமகூட மலையும். மலை என்று பயப்பட வேண்டாம், சரிவான பாறை, அம்மா அப்பா மெதுவாக ஏறிவிடலாம். அங்கே பிரமிடு மாதிரி படிப்படியாகக் கூரை வைத்த சின்னக் கோயில்கள் இருக்கும், பலர் அவற்றைச் சமணக் கோயில்கள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவை சிவன் கோயில்கள், பலவும் விஜயநகரம் உருவாவதற்கு முன்பே கட்டியவை. கீழே விருபாட்சர் கோயிலில் வழிபாடு இன்றும் நடக்கிறது, 1565 போரில் விஜயநகரம் தோற்று நகரமே காலியானபோதும் மக்கள் வந்துகொண்டிருந்த கோயில் இது. கிருஷ்ணதேவராயர் 1510இல் கட்டுவித்த ரங்க மண்டபத்தில் நின்று மேலே பாருங்கள், சிருங்கேரி மடத்துத் துறவி வித்யாரண்யரைப் பல்லக்கில் ஊர்வலமாகக் கொண்டுபோகும் ஓவியம் விதானத்தில் இருக்கிறது. கோயிலின் பின்பக்கம் ஒரு இருட்டறை. ராஜகோபுரத்தின் உருவம் அங்கே ஒரு சின்னத் துவாரம் வழியாக வந்து சுவரில் தலைகீழாக விழும், வெயில் இருந்தால். ஏழாம் வகுப்புப் பையனுக்கு ஒளியியல் பாடம் வருகிற வயதுதானே, அவனை முன்னால் நிறுத்துங்கள்.

ஞாயிறு காலை அரசர்கள் இருந்த பகுதி. ஹஜார ராமர் கோயிலுக்கு முதலில் போங்கள், வெளிமதில் முழுக்க யானை, குதிரை, ஆடல் மகளிர் என்று வரிசை வரிசையாக ஊர்வலம் போகும். அதைப் பார்த்துவிட்டு நவராத்திரி விழாவுக்கான உயர்ந்த கல்மேடையான மகாநவமி திப்பாவுக்கு நடந்தால் அந்த ஊர்வலம் எந்த விழாவுக்கானது என்று கண்ணுக்கே புரியும். திப்பாவின் உயரப் படியில் அம்மா ஏறத் தேவையில்லை, அடித்தளத்தைச் சுற்றி வந்தாலே போதும், சிற்பங்கள் பெரும்பாலும் அங்கேதான். பக்கத்தில் 1980களில் அகழ்ந்தெடுத்த படிக்குளம் இருக்கிறது. அதன் கற்களில் எந்தக் கல் எந்த வரிசைக்கு, எந்தப் பக்கத்துக்கு என்று கொத்தர்கள் போட்ட குறிகள் இன்னும் தெரிகின்றன. குளத்துக்குள் இறங்க விடமாட்டார்கள், மேலிருந்தே தேடலாம். நான் அழைத்துப்போன எந்தக் குழந்தையும் அந்தக் குறிகளைத் தேடாமல் அங்கிருந்து நகர்ந்ததில்லை. மதியம் அறைக்குத் திரும்பித் தூங்குங்கள். ஞாயிறு மாலை விருபாட்சர் எதிரே இருக்கும் கடைவீதியில் கிழக்கே கடைசிவரை நடந்து, ஒற்றைக்கல் நந்தியைத் தாண்டி, அப்பாவுக்கு முடிந்தால் மேட்டைக் கடந்து அச்சுதராயர் கோயிலுக்கு. கூட்டமே இருக்காது. இவ்வளவு பெரிய கோயிலில் நாம் மட்டும் நிற்பது ஒரு அனுபவம், அதை எந்த அவசரத்திலும் விட்டுவிடாதீர்கள்.

திங்கள் காலைக்கு விட்டலர் கோயிலை வைக்கிறேன், காரணம் இருக்கிறது. சனி ஞாயிறு என்றால் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கோயிலுக்குப் போகும் பேட்டரி வண்டிக்கே நீண்ட வரிசை நிற்கும், கல்ரதத்தைச் சுற்றி எப்போதும் நாற்பது பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். திங்களன்று கவுண்டர் திறக்கும்போதே உள்ளே போய்விட்டால் ஒரு மணி நேரம் நிம்மதியாகப் பார்க்கலாம். புது ஐம்பது ரூபாய் நோட்டில் இருக்கும் ரதம் இதுதான் என்று பையனிடம் நோட்டைக் கொடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். அது ஒரே கல் இல்லை, பல கற்களைச் சேர்த்துக் கட்டிய கருடன் சந்நிதி. 1856இல் அலெக்சாண்டர் கிரீன்லா எடுத்த புகைப்படங்களில் ரதத்தின் மேல் செங்கல்லால் கட்டிய சிகரமும் இருக்கும், இன்று அது இல்லை. முன்னால் நிற்கும் யானைகளும் வேறு எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்தவை, அவற்றின் பின்னால் குனிந்து பார்த்தால் முதலில் இருந்த குதிரைகளின் கால்கள் தெரியும். இசைத் தூண்களைத் தட்டிப்பார்க்க அனுமதி இல்லை, அதற்காக ஏமாந்து போக வேண்டாம். தூண்களிலிருந்து பாயும் யாளிகளையும் அவற்றின் மேல் ஏறியிருக்கும் வீரர்களையும் பாருங்கள். வேலூர் கோட்டைக் கோயிலின் கல்யாண மண்டபத்தையோ காஞ்சி வரதராஜர் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தையோ பார்த்திருந்தால், சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருக்கும். பதினான்காம் நூற்றாண்டில் விஜயநகர இளவரசர் குமார கம்பணர் மதுரை வரை படையெடுத்து வந்ததில் தொடங்கிய உறவு இது, நம் ஊர்க் கோயில்கள் பலவற்றில் நாம் நிமிர்ந்து பார்க்கும் கோபுரங்களும் மண்டபங்களும் அந்தக் காலத்தின் பங்கு. விட்டலர் கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே திருமங்கையாழ்வாருக்கும் இராமானுஜருக்கும் எடுத்த கோயில்கள் சிதைந்து கிடக்கின்றன. சுற்றுலா வருபவர்கள் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. ஆழ்வார் பாசுரம் தெரிந்த அம்மா அப்பாவாக இருந்தால் அங்கே நின்றுவிட்டு வாருங்கள். மூன்றாவது நாள் இருந்தால் மட்டுமே கிடைக்கும் இடங்கள் இப்படிப்பட்டவைதான்.

விட்டலர் கோயில் டிக்கெட்டிலேயே தாமரை மகால் வளாகத்தையும் பக்கத்து ஊரான கமலாபுரத்தில் இருக்கும் அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம், ஆனால் அன்றைய ஒரு நாளுக்குத்தான் செல்லும். இந்த மாதிரி விதிகள் மாறக்கூடியவை என்பதால் கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே நாள் டிக்கெட் என்பதால்தான் மூன்றையும் திங்களிலேயே சேர்த்தேன்: காலை விட்டலர் கோயில், மதியம் அருங்காட்சியகம், மாலை தாமரை மகால் வளாகம். அருங்காட்சியகத்துக்கு விடுமுறை வெள்ளி, திங்களன்று திறந்திருக்கும், மதிய வெயிலுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே நகரம் முழுவதையும் சிறிதாக்கிச் செய்த மாதிரி அமைப்பு ஒன்று இருக்கிறது. அதை முதல் நாளே பார்ப்பதைவிடக் கடைசியில் பார்ப்பது நல்லது, நடந்த இடங்களை எல்லாம் பையனே விரலால் காட்டுவான்.

வழிகாட்டிகள் சொல்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நேரத்தில் பாதி அவர்கள் கையில்தான் போகும். சில விஷயங்கள் உறுதியானவை, கல்வெட்டு இருக்கிறது: நரசிம்மர் சிலை கிருஷ்ணதேவராயர் காலத்தில் 1528இல் எடுத்தது, உயரம் 6.7 மீட்டர். ராணியின் குளியலறை, தாமரை மகால், அந்தப்புரம் போன்ற பெயர்கள் அப்படி இல்லை. நகரம் அழிந்து நெடுங்காலம் கழித்து வந்தவர்கள் கட்டடத்தின் தோற்றத்தைப் பார்த்து வைத்த பெயர்கள் அவை. 'அந்தப்புரத்துக்கு' ஒட்டினாற்போல் யானை லாயம் இருப்பதைக் கவனித்தாலே சந்தேகம் வரும். அது ராணிகளின் இடமா, படைத்தலைவர்கள் கூடிய இடமா என்பது இன்னும் முடிவாகாத விவாதம். 1565 போருக்குப் பிறகு நகரம் எரிந்ததும் மக்கள் வெளியேறியதும் உறுதி, எந்தக் கோயிலை யார் எதற்காக இடித்தார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒரே கருத்து இல்லை. ஒரு வழிகாட்டி இதையெல்லாம் நேரில் பார்த்த மாதிரி அடித்துச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

தங்கும் இடம் நாள் கணக்கையே மாற்றிவிடும். பெரிய ஓட்டல்கள் ஹொசபேட்டையில் இருக்கின்றன, வசதி அதிகம்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் போக அரை மணி, வர அரை மணி, அதுவும் நல்ல வெளிச்சம் இருக்கும் நேரத்தில். மதியம் வந்து தூங்கிவிட்டுத் திரும்பப் போவது அங்கிருந்து நடக்கிற காரியமில்லை, எல்லோரும் வெயிலிலேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள். கமலாபுரத்தில் அறை கிடைத்தால் எடுங்கள், இல்லாவிட்டால் ஹம்பி கிராமத்தில் எளிய வீட்டு அறை. பெரியவர்கள் இருப்பதால் கழிவறையை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து நாள் என்று சொன்னவர் அனேகமாக ஆற்றின் அக்கரையையும் சேர்த்திருப்பார். ஆனேகுந்தி விஜயநகரத்தைவிடப் பழைய ஊர், நெல்வயலும் பாறையும் கலந்த அந்தப் பக்கத்துக்கே ஒரு முழு நாள் கொடுக்கலாம். அனுமன் பிறந்ததாகச் சொல்லும் அஞ்சனாத்ரி மலைக்கு 500க்கும் மேற்பட்ட படிகள், அது உங்கள் அம்மா அப்பாவுக்கு இந்தத் தடவை வேண்டாம். துங்கபத்திரையில் தண்ணீர் ஏறினால் பரிசலும் படகும் நிறுத்திவிடுவார்கள், சாலை வழி பெரிய சுற்று, அதனால் மூன்று நாள் பயணத்தில் அக்கரையை நம்பித் திட்டம் போடாதீர்கள். சிலர் இந்த மூன்று நாளுக்குள்ளேயே சாளுக்கியர் கோயில்கள் இருக்கும் பாதாமி, பட்டடக்கல், ஐஹொளெயையும் நுழைக்கச் சொல்வார்கள். காரில் மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆகும், சாளுக்கியர்களுக்குத் தனியாக இரண்டு இரவு ஒதுக்கி இன்னொரு வருடம் போங்கள்.

லீவு கிடைக்கவே இல்லை என்றால், சனி மாலையும் ஞாயிறு காலையும் மேலே சொன்னபடியே இருக்கட்டும், ஞாயிறு மாலை விட்டலர் கோயில், கடைசி இரண்டு மணி நேரம். தாமரை மகாலையும் அருங்காட்சியகத்தையும் அச்சுதராயரையும் விட்டுவிடுங்கள். நரசிம்மரும் கடலெகாளு (கொண்டைக்கடலை) பிள்ளையாரும் போகிற வழியிலேயே இருக்கிறார்கள், ஆட்டோவை நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம். பார்த்த மூன்று இடங்களாவது நன்றாக மனதில் நிற்கும்.

உங்கள் பெற்றோரின் நடை எப்படி என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு கிலோமீட்டர் நிற்காமல் நடப்பவர்கள் என்றால் மேலே போட்டது சரியாக வரும். முட்டிவலி இருக்கிறதென்றால் அச்சுதராயர் மேட்டை எடுத்துவிட்டு, கார் பக்கத்திலேயே போகும் மால்யவந்த ரகுநாதர் கோயிலை ஞாயிறு மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ராமாயணப் பாராயணம் நடந்துகொண்டே இருக்கும், அவர்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது நீங்களும் பையனும் பின்பக்கப் பாறைக்குப் போய்ச் சூரியன் இறங்குவதைப் பார்த்துவிட்டு வரலாம்.